வகுப்பா, கைபேசியா, மேடையா? ஆங்கிலத்துக்கு நான் அலைந்த மூன்று வழிகள்

"கிரேன் கான் லிஃப்ட் ஆஃப்டர் டூ, ஆ."

காலை ஏழே முக்கால், கட்டுமான சைட்டில் வேலை தொடங்கும் முன் நடக்கும் டூல்பாக்ஸ் மீட்டிங். மெயின்கான், அதாவது தலைமை ஒப்பந்த நிறுவனத்தின் சேஃப்டி அதிகாரி சொன்னது இவ்வளவுதான். என் காதில் 'கான்' என்றுதான் விழுந்தது, கடைசியில் 'ட்' வரவில்லை. அப்படியென்றால் தூக்கலாம் என்று எடுத்துக்கொண்டேன். மதியம் இரண்டே காலுக்குக் கம்பிக் கட்டுக்குக் கயிறு போட்டு வைத்துக்கொண்டு ஆறு பேரும் அண்ணாந்து பார்க்கிறோம், கிரேனில் ஆள் இல்லை. சர்வீஸ். அன்றைக்கு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

சிங்கப்பூர்ப் பேச்சில் முடியும் என்றால் 'கென்', முடியாது என்றால் 'கான்'. அந்த 'ட்' பெரும்பாலும் வாய்க்குள்ளேயே நின்றுவிடும். குறிலா நெடிலா என்று காது கொடுத்தால் போதும். குறில் நெடிலைத் தமிழனுக்குச் சொல்லித்தர வேண்டுமா என்ன? ஆனால் இதை அப்படி யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

அதற்குப் பிறகு ஆங்கிலத்துக்காக மூன்று இடங்களில் அலைந்தேன்: ஞாயிற்றுக்கிழமை வகுப்பு, கைபேசி, மேடைப்பேச்சு பழகும் டோஸ்ட்மாஸ்டர்ஸ் மன்றம். இப்போது எங்கள் கேங்குக்கு வந்திருக்கும் மன்னார்குடித் தம்பி, "அண்ணே, ஏதாவது ஒண்ணு சொல்லுங்க. எல்லாத்துக்கும் நேரமும் இல்ல, காசும் இல்ல" என்கிறார். அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

என் அளவுகோல் ஒன்றுதான். சூப்பர்வைசருக்குக் கேட்பது, குறிப்பது, சொல்வது மூன்றும் தனித்தனிப் பாடம் இல்லை. காலையில் பத்து நிமிடம் ஆங்கிலத்தில் கேட்டதை ஆட்களுக்குத் தமிழில் சொல்ல வேண்டும். மாலையில் எவ்வளவு முடிந்தது, எது நின்றது என்று மேனேஜருக்கு ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். இரண்டுக்கும் நடுவில் இருப்பது சட்டைப் பையில் கிடக்கும் சின்ன நோட்டு. ஆகவே எந்த வழி மூன்றையும் ஒரே மூச்சில் செய்ய வைக்கிறது என்றுதான் பார்த்தேன்.

வகுப்பு

வெளிநாட்டு ஊழியர்களுக்கென்றே ஆங்கிலம் சொல்லித்தரும் இடங்கள் இங்கே உண்டு. 2013இல் தொடங்கிய எஸ்டிஐ அகாடமி அந்த வகை. வேலையிடத்துக்கான ஆங்கிலம் என்று என்டியுசி லேர்னிங்ஹப் போன்ற இடங்களிலும் கிடைக்கும். பக்கத்து புளோக் அக்கா குடியுரிமை வாங்கியவர், அதனால் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் பணத்தில் சேர முடிந்தது. 25 வயதும் அதற்கு மேலும் ஆன சிங்கப்பூரர்களுக்குப் பயிற்சிக் கட்டணத்துக்காகத் தொடக்கமாக 500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) தரும் திட்டம் அது. ஒர்க் பெர்மிட்காரனுக்கு அது கிடையாது. சொந்தக் காசுதான்.

நான் முதலில் போன வகுப்பைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டு மாதம் கோடிட்ட இடம் நிரப்பினோம். ஆசிரியர் எங்களுக்காக மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்துப் பேசினார். அங்கே எல்லாம் புரிந்தது, சைட்டில் ஒன்றும் புரியவில்லை.

இரண்டாவதாகப் போன இடத்தில் ஒரே ஒரு பயிற்சி. அதற்கே கொடுத்த காசு சரியாகிவிட்டது. நான்கு, மூன்று, இரண்டு என்பார்கள். நேற்று ஸ்லாப் கான்கிரீட் போட்டதை ஒருவரிடம் நான்கு நிமிடம் சொல்ல வேண்டும். உடனே வேறொருவரிடம் அதையே மூன்று நிமிடத்தில். அப்புறம் மூன்றாவது ஆளிடம் இரண்டே நிமிடத்தில். முதல் தடவை 'பம்ப்' என்ற சொல்லுக்கே தடுமாறினேன். மூன்றாவது தடவை பம்ப் அடைத்துக்கொண்டது, லாரி காத்திருந்தது, மழை வந்தது எல்லாம் தானாக ஓடி வந்தது. என்ன சொல்வது என்ற கவலை முதல் சுற்றிலேயே தீர்ந்துவிடுகிறது. மிச்சச் சுற்றுகளில் மனசு முழுக்க எப்படிச் சொல்வது என்பதில்தான் இருக்கும். இதற்கு ஆசிரியர்கூட வேண்டாம், விடுதி அறையில் மூன்று பேர் போதும். வகுப்பில் சேரப் போகிறவர்கள் ஒன்று மட்டும் கேளுங்கள்: ஒரு மணி நேரத்தில் ஒவ்வொரு மாணவரும் எத்தனை நிமிடம் வாய் திறப்பார்? பதில் மழுப்பலாக வந்தால் வேறு இடம் பாருங்கள்.

கைபேசி

இலவசம். எப்போதும் கையில் இருக்கும். பிபிசியின் 'சிக்ஸ் மினிட் இங்கிலிஷ்' பேச்சோடு எழுத்து வடிவத்தையும் தருகிறது. இந்த ஊரில் பிபிசி உலகச் சேவை 88.9 பண்பலையில் வருகிறது. சிஎன்ஏ938 வானொலியும் இருக்கிறது. குறையே இல்லை போலத் தோன்றும். குறை நம்மிடம்தான். சப்டைட்டிலைப் படித்துவிட்டுக் காதால் கேட்டதாக நினைத்துக்கொள்வோம். லாரியின் பின்னால் உட்கார்ந்து, காற்று அடிக்க அடிக்க இயர்ஃபோனில் கேட்டு நான் கற்றது தூங்குவதை மட்டும்தான்.

உருப்படியாகச் செய்ய ஒரு வழி உண்டு, டிக்டோகிளாஸ் என்று பெயர். ஒரு நிமிடத் துண்டை முதல் தடவை எழுதாமல் கேட்க வேண்டும். இரண்டாவது தடவை முக்கியச் சொற்களை மட்டும் குறிக்க வேண்டும். பிறகு அந்தச் சொற்களை வைத்து முழுப் பத்தியையும் நாமே கட்டி, மூலத்தோடு ஒப்பிட வேண்டும். காதில் விழாமல் போனது எது என்று அப்போது தெரியும். எனக்கு விழாமல் போனவை எல்லாம் சின்னச் சொற்கள்: ஆஃப், டு, ஹேஸ் பீன். தமிழில் வேற்றுமை உருபு பெயரோடு ஒட்டிக்கொண்டு வரும். ஆங்கிலத்தில் அந்த வேலையைச் செய்யும் சொல் தனியாக நின்றாலும், பேச்சில் பாதியாகக் கரைந்துவிடும்.

ஆனால் பிபிசிக் காது சைட் காது ஆகாது. நல்ல ஆங்கிலம் பேசுவோம் இயக்கத்தை அரசாங்கம் 2000இல் தொடங்கியது, சைட்டில் இன்னும் 'கென் லா'தான். அந்த வகையில் உள்ளூர் வானொலியே கொஞ்சம் பக்கத்தில் வருகிறது. செயற்கை நுண்ணறிவுச் செயலியோடு பேசிப் பழகலாம் என்கிறார்கள், நானும் பேசிப் பார்த்தேன். பொறுமைசாலி. நான் முடிக்கும்வரை காத்திருக்கிறது. எங்கள் மேனேஜர் காத்திருக்க மாட்டார்.

மேடை

டோஸ்ட்மாஸ்டர்ஸ் 1924இல் கலிஃபோர்னியாவின் சாண்டா ஆனாவில் தொடங்கியது. இங்கே பல மன்றங்கள் சமூக மன்றங்களில் மாலை நேரத்தில் கூடுகின்றன. தமிழில் நடப்பவையும் உண்டு. பெயரைக் கேட்டால் கோட்டு சூட்டு போட்டவர்களின் இடம் என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது, சேஃப்டி பூட்ஸோடு போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன்.

ஐந்திலிருந்து ஏழு நிமிடம் தயாரித்த பேச்சு. நேரம் காட்டப் பச்சை, மஞ்சள், சிவப்பு விளக்கு. டேபிள் டாபிக்ஸில் தலைப்பைக் கொடுத்தவுடன் ஒன்றிரண்டு நிமிடம் பேச வேண்டும். 'ஆ', 'அம்' என்று எத்தனை தடவை இழுத்தோம் என்று எண்ணுவதற்கே ஓர் ஆள். எல்லோரும் மேடையேறிப் பேசுவதைத்தான் பெரிதாகச் சொல்வார்கள். என்னைக் கேட்டால், அங்கே தங்கம் மதிப்பீட்டாளர் வேலைதான். ஒருவர் ஏழு நிமிடம் பேசுவதைக் கவனித்து, பேச்சு ஓடும்போதே குறித்து, உடனே எழுந்து இரண்டு மூன்று நிமிடத்தில் எது நன்று, எதைத் திருத்தலாம் என்று சொல்ல வேண்டும். காது, கை, வாய் மூன்றும் பத்து நிமிடத்துக்குள். எங்கள் காலை மீட்டிங்கின் அச்சு அசல்.

முதல் தடவை மதிப்பீடு செய்தபோது ஒரு பக்கம் முழுக்க எழுதினேன். எழுந்து நின்றால் என் கையெழுத்தே எனக்குப் புரியவில்லை. பேச்சாளர் சொன்னதை எல்லாம் பிடிக்கப் போய், கேட்பதையே விட்டிருந்தேன்.

நோட்டு

கார்னெல் பல்கலைக்கழகத்தில் வால்டர் பாக் 1950களில் கொடுத்த முறை ஒன்று உண்டு. பக்கத்தின் வலப்புறம் பெரிதாகக் குறிப்பு, இடப்புறம் ஒடுங்கிய பத்தியில் குறிச்சொல், அடியில் சுருக்கம். கையகல நோட்டில் அவ்வளவும் அடங்காது. நான் அடிப்பகுதியை மட்டும் வைத்துக்கொண்டேன். அதில் சுருக்கம் எழுதுவதில்லை, மாலையில் மேனேஜரிடம் முதலில் சொல்ல வேண்டிய ஆங்கில வாக்கியத்தை எழுதுகிறேன்.

தம்பி, "போர்டைப் போட்டோ எடுத்துட்டா போச்சுல்லண்ணே?" என்றார். எடுக்கலாம். ஆனால் சேஃப்டி வாயால் சொல்வது போர்டில் இருக்காது. 2014இல் அமெரிக்காவில் வந்த ஓர் ஆய்வில், மடிக்கணினியில் தட்டியவர்கள் சொன்னதை அப்படியே நிறைய எழுதினார்கள், கையால் எழுதியவர்கள் குறைவாக எழுதினாலும் கருத்துக் கேள்விகளில் முந்தினார்கள். பின்னால் அதைத் திரும்பச் செய்து பார்த்தவர்களுக்கு முடிவு அவ்வளவு உறுதியாக வரவில்லை. ஆனால் போட்டோ எடுத்தவன் அதைத் திரும்பத் திறந்து பார்த்து நான் கண்டதில்லை.

எந்த எழுத்தில் எழுதுவது? ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதினால் வேகம் வரும், ஆபத்தும் வரும். என் பழைய நோட்டில் ஒரு வரி: 'லெவல் 4 பேக்'. சிமெண்ட் மூட்டையா, பின்பக்கமா, ட்ரை பேக் அடைக்கச் சொன்னாரா? மூன்றுக்கும் தமிழில் ஒரே 'பேக்'. பெயர், கிரிட் எழுத்து (வரைபடத்தில் இடத்தைக் காட்டும் கோட்டின் எழுத்து), பொருள் இவற்றை ஆங்கில எழுத்திலும் எண்ணை எண்ணாகவும் எழுதுகிறேன். என்ன செய்ய வேண்டும் என்பது மட்டும் தமிழில். பதின்மூன்றா முப்பதா என்று சந்தேகம் வந்தால் கூச்சப்படாமல் "ஒன் த்ரீ, ஆர் த்ரீ ஸீரோ?" என்று கேட்டுவிடுகிறேன். இதற்காக இதுவரை யாரும் முகம் சுளித்ததில்லை.

ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வுக்கான பயிற்சியை நான்காவது வழி என்பவர்கள் உண்டு. தேர்வு எழுதும் தேவை இல்லாதவருக்கு அது வீண். அதன் பேச்சுத் தேர்வில் ஓர் அட்டையைக் கொடுத்து, ஒரு நிமிடம் குறிக்கவிட்டு, இரண்டு நிமிடம் வரை பேசச் சொல்வார்கள். அந்த ஒரு பகுதியை மட்டும் கடன் வாங்கிக்கொள்ளலாம்.

வாக்கியமே அமையாதவர் என்றால் முதலில் நல்ல வகுப்பு, வேறு பேச்சில்லை. தம்பி டிப்ளமோ படித்தவர், படித்தால் புரிகிறது, கேட்டால்தான் தவறுகிறது. அவரை நேராக மன்றத்துக்குப் போகச் சொன்னேன், விருந்தாளியாக இரண்டு கூட்டம் உட்காரட்டும் என்று. கைபேசியில் ஒரு நாளைக்கு ஒரு நிமிடத் துண்டு போதும்.

ஒரே சிக்கல், மன்றம் கூடுவது வியாழன், அவருக்கு வியாழன் ஓவர்டைம். மேனேஜரிடம் ஆங்கிலத்தில் கேட்க வேண்டும். நோட்டின் அடியில் இரண்டு வரி எழுதி, என்னிடமும் அறையில் இருவரிடமும் சொல்லிப் பார்த்துவிட்டுக் கன்டெய்னர் ஆபீசுக்குள் போனார். நான் வெளியே நின்றேன். இரண்டு நிமிடத்தில் கதவைத் திறந்துகொண்டு வந்தார்.

"அண்ணே, குறில்!"