ஐபிஎம் எக்ஸ்டி 130 வாட் எஸ்எம்பிஎஸ்: பழுது நீக்கி நெடுநாள் ஓட்டிய அனுபவம்

ஸ்விட்ச் போட்டதும் மின்விசிறி ஒரு துடிப்பு துடித்து நின்றுபோனால், உடனே எஸ்எம்பிஎஸ்ஸை, அதாவது கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் பவர் சப்ளை பெட்டியைப் பிரிக்காதீர்கள். ஐபிஎம் 5160இன் (எக்ஸ்டி என்ற பழைய பிசியின் மாடல் எண்) பவர் சப்ளை எங்காவது ஷார்ட் இருந்தால் தானாகவே அணைந்துவிடும். பெரும்பாலும் கோளாறு மதர்போர்டில் உள்ள டாண்டலம் கெபாசிட்டரில்தான்.

கார்டுகள், டிரைவ்கள், சப்ளையிலிருந்து மதர்போர்டுக்கு வரும் பி8, பி9 கனெக்டர்கள் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு போர்டு பக்கம் ஓம் அளந்து பாருங்கள். பி8இல் 3ஆம் பின் +12 வோல்ட், 4ஆம் பின் -12 வோல்ட். பி9இல் 3ஆம் பின் -5 வோல்ட். கிரவுண்டுக்கு ஓரிரு ஓம்தான் காட்டுகிறதென்றால் அந்த லைனில் கெபாசிட்டர் ஷார்ட். 12 வோல்ட் லைனில் 16 வோல்ட் டாண்டலம் போட்டிருப்பதால் தாக்குப்பிடிக்க இடமே இல்லை. 10 மைக்ரோஃபாரட், 25 வோல்ட் போடுங்கள். பிளஸ், மைனஸ் மாறினால் வெடிக்கும்.

போர்டில் ஷார்ட் இல்லையென்றால்தான் சப்ளையைச் சோதிக்க வேண்டும். லோடு இல்லாமல் இது ஓடாது: 5 வோல்ட்டில் குறைந்தது 2.3 ஆம்பியர், 12இல் 0.4 ஆம்பியர் இழுக்க வேண்டும். 5 வோல்ட்டுக்கு 2 ஓம் 25 வாட், 12க்கு 27 ஓம் 10 வாட் ரெசிஸ்டர் போதும். நன்றாகச் சுடும், மேசைமேல் வைக்காதீர்கள். 5 வோல்ட் லைன் 4.8க்கும் 5.25க்கும் இடையில் நிற்க வேண்டும்.

மூடியைத் திறக்குமுன் பிளக்கைப் பிடுங்குங்கள். 230 வோல்ட் மெயின்ஸில் உள்ளே உள்ள பெரிய கெபாசிட்டர்களில் சுமார் 325 வோல்ட் டிசி தங்கியிருக்கும். 2.2 கிலோ ஓம் 5 வாட் ரெசிஸ்டரால் வடித்துவிட்டு, மீட்டரில் உறுதி செய்த பிறகே கை வையுங்கள். மெயின்ஸ் நுழையுமிடத்தில் கண்ணாடி போன்ற உறையில் விரிசல் விழுந்த ரிஃபா (ஒரு பிராண்ட்) பேப்பர் கெபாசிட்டர் இருந்தால், அது வேலை செய்தாலும் தூக்கிவிடுங்கள். விரிசல் வழியே ஈரம் இறங்கி ஒருநாள் புகையும். அதே மதிப்பில் எக்ஸ்2 (மெயின்ஸுக்கான பாதுகாப்புத் தரம்) பாலிப்ரொப்பிலீன் கெபாசிட்டர் போடலாம். அவுட்புட் பக்க எலக்ட்ரோலிட்டிக்குகளுக்கு 105 டிகிரி, லோ இஎஸ்ஆர் (உள்தடை குறைந்த) வகைதான் சரி.

இப்படிச் சீர்செய்த யூனிட் நாள்போக்கில் தொல்லை தருவது பி9 கனெக்டரில். சப்ளையில் 5.05 இருக்கும், போர்டிலோ 4.8க்கும் கீழே, ராம் பிழைகள் தலைகாட்டும். தளர்ந்த டெர்மினலைத் துடைத்து, மெல்லிய ஸ்க்ரூடிரைவரால் இறுக்கினால் சரியாகிவிடும். திரும்பச் செருகும்போது இரண்டு கனெக்டரின் கருப்பு ஒயர்களும் நடுவில் அருகருகே வர வேண்டும். மாறினால் போர்டே போய்விடும்.