மூணுல போட்டா அஞ்சு விழுது: ரெண்டு வருஷம் ஓட்டுன கேம் கியர் ஷிஃப்டர் பத்தி ஒரு ரிவ்யூ

கம்ப்யூட்டர் ரேஸ் கேம்ல மோன்சா டிராக், மெயின் ஸ்ட்ரெயிட் முடிஞ்சு முதல் சிக்கேனுக்கு, அதாவது அடுத்தடுத்து ஒடியற வளைவுக்கு, பிரேக்க அழுத்தி கியரை அஞ்சு, நாலு, மூணுன்னு இறக்கிட்டு வரேன், கை மூணுலதான் இருக்கு, ஸ்க்ரீன்ல அஞ்சுன்னு காட்டுது. எஞ்சின் பிடிக்கவே இல்ல, வண்டி நேரா போய் சரளைக்கல்லுல படுத்துடுச்சு. அடுத்த லாப்ல அதே இடத்துல அதே மூணு, இந்த தடவ ஒண்ணு விழுது, ஆர்பிஎம் உச்சிக்கு போயி பின்னாடி வீல் ரெண்டும் லாக் ஆகி பம்பரம் மாதிரி சுத்துது. அசெட்டோ கோர்ஸாங்கற அந்த கேம்ல பழைய பிஎம்டபிள்யூ எம்3 இ30 எனக்கு ரொம்ப புடிச்ச வண்டி, அத ஒரு வாரம் தொடவே இல்ல.

பிராண்ட் பேர் சொல்லல, கேக்காதீங்க. கேம் ஸ்டீயரிங் வீலோட சேராம தனியா விக்கிற ஹெச் பேட்டர்ன் ஷிஃப்டர், அதாவது நிஜ கார் மாதிரி ஹெச் வடிவத்துல கியர் மாத்தறது, 6 கியர், மேல இருக்கற கைப்பிடி நாப்பை கீழ அமுக்கிட்டு ஆறாவது இடத்துக்கு இழுத்தா ரிவர்ஸ், பின்னாடி 9 பின் கனெக்டர் வழியா வீலுக்குள்ள போகும். வாங்குனப்ப அஞ்சாயிரத்துச் சொச்சம். ரெண்டு வருஷம் நல்லாதான் ஓடுச்சு, வாரண்டி முடிஞ்சு ரெண்டே மாசத்துல இந்த கதை.

முதல்ல கஸ்டமர் கேர். டிரைவரை அன்இன்ஸ்டால் பண்ணுங்க சார், திரும்ப போடுங்க சார், வேற யூஎஸ்பி போர்ட்ல சொருகுங்க சார். எல்லாம் பண்ணேன். நாலாவது தடவ பேசுனவர்தான் உண்மையை சொன்னாரு, "பார்ட் எல்லாம் தனியா குடுக்கறதில்ல சார், புதுசு எடுத்துக்கங்க, பத்து பர்சென்ட் டிஸ்கவுண்ட் கூப்பன் அனுப்பறேன்"னு. அந்த மனுஷன் மேல கோவம் இல்ல, அவருக்கு முன்னாடி எழுதி வெச்சிருக்கறத படிக்கறாரு. உள்ள தேயற பொருள் ஒண்ணை வெச்சு கட்டிட்டு, அந்த ஒண்ணை மட்டும் விக்க மாட்டேன்னு சொல்றாங்க பாருங்க, கோவம் அது மேலதான்.

சரி, நாமளே பாப்போம்னு உக்காந்தேன். கேமை மூடிட்டு விண்டோஸ் பட்டனையும் ஆர் பட்டனையும் சேத்து அமுக்கி வர்ற பெட்டியில ஜாய் டாட் சிபிஎல்னு (joy.cpl) அடிச்சா கேம் கன்ட்ரோலர் லிஸ்ட் வரும், அதுல உங்க வீலை செலக்ட் பண்ணி ப்ராப்பர்டீஸ் போங்க. ஒவ்வொரு கியருக்கும் ஒரு பட்டன் லைட் எரியும். கியரை மூணுல வெச்சுட்டு நாப்பை லேசா, விரல் நுனியால ஆட்டிப் பாத்தேன், லைட் மூணுக்கும் அஞ்சுக்கும் நடுவுல மின்னுது, தீபாவளி சீரியல் லைட் மாதிரி. அப்பவே தெரிஞ்சுடுச்சு, கேம் மேல தப்பு இல்ல, டிரைவர் மேலயும் தப்பு இல்ல, நாலு போன் கால் வேஸ்ட்.

இந்த மாதிரி ஷிஃப்டருக்குள்ள ஆறு கியருக்கு ஆறு சுவிட்ச் இருக்கும்னு நான் ரொம்ப நாள் நெனச்சுட்டு இருந்தேன். இல்ல. ரெண்டே ரெண்டு பொட்டென்ஷியோமீட்டர், அதாவது பழைய ரேடியோ வால்யூமுக்குள்ள இருக்குமே அதே பாட். ஒண்ணு இடது வலது அளக்கும், இன்னொண்ணு முன்ன பின்ன அளக்கும், அந்த ரெண்டு வோல்டேஜையும் பாத்து வீல்தான் இது மூணு, இது நாலுன்னு முடிவு பண்ணுது. ரிவர்ஸுக்கு மட்டும் அடியில ஒரு குட்டி மைக்ரோ சுவிட்ச். இது புரிஞ்சா பாதி வேலை முடிஞ்சுது. ஒண்ணு, மூணு, அஞ்சு இதுங்க ஒண்ணுக்கொண்ணு மாறுதுன்னா இடது வலது பாட். கியர்ல போட்டும் நியூட்ரல்ல நிக்குது, அடிக்கடி விட்டுப் போகுதுன்னா முன்ன பின்ன பாட். ரிவர்ஸ் போட்டா ஆறு விழுதுன்னா அந்த சுவிட்ச். எல்லா கியரும் ஒண்ணா செத்துப் போய் ஒயரை ஆட்டுனா வருது போகுதுன்னா கேபிள் இல்லன்னா கனெக்டர். அந்த 9 பின் கனெக்டரோட ரெண்டு பக்கமும் ஸ்க்ரூ இருக்கும், பாதிப்பேரு அத டைட் பண்றதே இல்ல, நானும்தான்.

கழட்டறது பெரிய வித்தை ஒண்ணும் இல்ல, அடியில ஸ்டார் ஸ்க்ரூதான். எந்த ஒயர் எந்த காலுக்கு போகுதுன்னு போட்டோ எடுத்து வெச்சுக்கங்க, நான் எடுக்கல, அந்த கதை கீழ வருது. வீலோட இருந்த கனெக்ஷனை எடுத்துட்டு மல்டிமீட்டரை மின்தடை அளக்கற ஓம்ஸ்ல வெச்சேன். பாட்டோட ரெண்டு ஓரக் கால்லயும் வெச்சா 10 கேக்கு, அதாவது பத்தாயிரம் ஓமுக்கு பக்கத்துல நிக்குது, சரி. நடுக்கால்லயும் ஒரு ஓரத்துலயும் வெச்சு லீவரை மெதுவா இடதுலேர்ந்து வலதுக்கு தள்ளுறேன், நம்பர் ஒழுங்கா ஏறிட்டே வருது, நாலரை தாண்டுனதும் மீட்டர்ல ஓஎல்னு வந்துடுச்சு, அப்படின்னா தொடர்பே இல்ல, அப்புறம் திடீர்னு அஞ்சரைல மறுபடி முளைக்குது. சரியா லீவர் நடுவுல நிக்கற இடம். யோசிச்சா நியாயம்தான், ஸ்பிரிங் இழுத்து லீவர் எப்பவும் நடுவுலதான் நிக்குது, உள்ள இருக்கற அந்த பித்தளை நாக்கு எப்பவும் அந்த ஒரே இடத்துல கார்பன் பட்டை மேல உரசிட்டு இருக்கு, தேயாம என்ன செய்யும். பாட்டை பிரிச்சுப் பாத்தப்ப அந்த இடத்துல கருப்புப் பட்டை மேல ஒரு வெள்ளைக் கோடு, பக்கத்துல பென்சில் சீவுன மாதிரி தூள்.

காண்டாக்ட் கிளீனர் அடிச்சா சரியாகும்னு சொல்லுவாங்க. ஆகும். எனக்கும் மூணு வாரம் புதுசு மாதிரி ஓடுச்சு, அப்புறம் அதே மோன்சா, அதே சிக்கேன். தூசியால வந்த கோளாறுன்னா ஸ்ப்ரே போதும், பட்டையே தேஞ்சு போச்சுன்னா ஸ்ப்ரே வெறும் ஒத்தடம். வீட்டுல கதவு கீல்ல அடிக்க வெச்சிருக்கற எண்ணெய் ஸ்ப்ரேவை அடிச்சுடாதீங்க, அது வேற, இது வேற.

அதனால சென்னை ரிச்சி ஸ்ட்ரீட், எலக்ட்ரானிக்ஸ் சாமான் கடைங்க இருக்கற இடம். எல்ஐசி பக்கம் இறங்கி நடந்து போயி நரசிங்கபுரம் தெருவுக்குள்ள, கம்போனென்ட்ஸ் மட்டும் விக்கற ஒரு எட்டடி கடை. பேர் போர்டே சரியா தெரியாது, சொன்னாலும் கண்டுபிடிக்க மாட்டீங்க. பழசைக் காட்டி "அண்ணே, இது மாதிரி 10 கே பாட் ஒண்ணு"ன்னேன். அவரு பாக்கக்கூட இல்ல, டப்பாவுலேர்ந்து ஒண்ணை எடுத்து வெச்சாரு, முப்பது ரூபா. நானும் பாக்காம வாங்கிட்டு வந்துட்டேன்.

வீட்டுக்கு வந்து சால்டர் பண்ணா ரெண்டு கூத்து. போட்டோ எடுக்காததால ஓரக் கால் ரெண்டுலயும் ஒயரை மாத்தி வெச்சுட்டேன், ஒண்ணுல போட்டா அஞ்சு, அஞ்சுல போட்டா ஒண்ணு, கண்ணாடில பாத்து ஓட்டற மாதிரி. சரி, அத மாத்துனேன். அப்பவும் லீவரை நடு லைன்ல தள்ளுனா ஒண்ணும் ரெண்டும்தான் விழுது, மூணு நாலு எங்கயோ வலது பக்கம் ஒதுங்கி இருக்கு, அஞ்சு வரவே மாட்டேங்குது. அரை மணி நேரம் தலைய சொறிஞ்சுட்டு மீட்டரை வெச்சா, நடுவுல நிக்கறப்ப ரெண்டு பக்கமும் அஞ்சஞ்சு காட்டணும், இது ஒரு பக்கம் ஒண்ணரை, இன்னொரு பக்கம் எட்டரை. பாட் முதுகுல பாத்தா ஏ 10 கேன்னு போட்டிருக்கு. பழசுல பி 10 கே. 'ஏ'ன்னு இருந்தா சவுண்டுக்கு, காதுக்கு ஏத்த மாதிரி வளைஞ்சு ஏறும், 'பி'ன்னு இருந்தா நேர்கோடு. ஷிஃப்டருக்கு நேர்கோடுதான் வேணும்.

மறுநாள் திரும்பப் போனேன். கடைக்காரர் சிரிச்சுட்டாரு. "நீ ஆம்ப்ளிஃபயருக்குன்னு நெனச்சேன் தம்பி, கியருக்குன்னு சொல்ல வேணாமா"ன்னாரு. காசு வாங்காம மாத்திக் குடுத்தாரு. அவர்கிட்ட இருந்த பி டைப்ல தண்டு பல்லு வெச்சதா இருந்துச்சு, எனக்கு வேண்டியது ஒரு பக்கம் தட்டையா இருக்கறது, "அரத்தை வெச்சு ரெண்டு நிமிஷம் தேய், ஆயிடும்"னு அவரே ஒரு சின்ன அரத்தை எடுத்து கடை வாசல்லயே தேய்ச்சும் குடுத்தாரு, தேய்ச்ச தூள் உள்ள போகாம பாட் வாய்ல ஒரு துண்டு டேப்பை ஒட்டிட்டு. நாலு போன் கால்ல கெடைக்காத சர்வீஸ் இது. அந்தக் கடைக்கு மட்டும் அஞ்சுக்கு அஞ்சு.

திரும்ப மாட்டறப்ப ஒண்ணு கவனிங்க, லீவர் நடுவுல நிக்கறப்ப பாட்டும் அதோட நடுவுல நிக்கணும், மீட்டர்ல ரெண்டு பக்கமும் கிட்டத்தட்ட சமமா வர்ற வரைக்கும் தண்டைத் திருப்பிட்டு அப்புறம் பூட்டுங்க. வீல் பவரை எடுத்துட்டு ஷிஃப்டரை சொருகி, அதுக்கப்புறம் பவர் குடுத்தேன். ஜாய் டாட் சிபிஎல்ல மூணு மூணாவே எரிஞ்சுது. எவ்வளவு ஆட்டியும் அசையல.

இனி பொருளப் பத்தி. நாப் கையில நல்லா உக்காருது, மேல சுத்தியிருக்கற லெதர் இன்னும் உரியல. கியர் விழுற சத்தம் மட்டும் பிளாஸ்டிக் டப்பாவை தட்டுன மாதிரி. நம்ம டவுன் பஸ்ல டிரைவர் பக்கத்து சீட்டுல உக்காந்து அந்த நீளக் கம்பி கியர் அதிர்றத பாத்து வளந்தவங்களுக்கு இது பொம்மைதான். கிளட்ச் மிதிக்காமலே உள்ள போகுது, தடுக்க எதுவும் இல்ல, கேம்தான் கர்ருன்னு சத்தம் போட்டு மானத்தை வாங்கும். டேபிள் கிளாம்ப் ரொம்ப சுமார், ரெண்டாவதுக்கு வேகமா இழுத்தா ஷிஃப்டரே கூட வரும், நான் சைக்கிள் டியூப் வெட்டி நடுவுல வெச்சிருக்கேன். யூரோ டிரக் சிமுலேட்டர் ஓட்டறவங்களுக்கு ரேஞ்ச் பட்டன், அதாவது அதே இடத்துல அடுத்த செட் கியரை வர வைக்கற பட்டன், எதுவும் நாப்ல இல்ல, வீல் பட்டனைத்தான் அதுக்கு வெச்சுக்கணும்.

மொத்தமா அஞ்சுக்கு மூணு. பாட்டை தனியா வித்திருந்தா நாலு குடுத்திருப்பேன். புதுசா வாங்கறவங்க கைல காசு இருந்தா காந்தம் வெச்ச ஹால் சென்சார் ஷிஃப்டரா பாருங்க, அந்த சென்சார்ல எதுவும் எதையும் உரசறதில்ல, பாட் மாதிரி தேயற பிரச்சனை கிடையாது, விலைதான் எங்கயோ நிக்குது. இல்ல, நான் கைவேலை செய்வேன்னு சொல்றவங்க ஆர்டுவினோ ப்ரோ மைக்ரோங்கற குட்டி ப்ரோக்ராம் போர்டு ஒண்ணு வாங்கி பாட் ரெண்டையும் ரிவர்ஸ் சுவிட்சையும் அதுல இணைச்சு ப்ரோக்ராம் போட்டா ஷிஃப்டர் வீலை நம்பாம நேரா யூஎஸ்பில ஜாய்ஸ்டிக்கா வரும், எந்த வோல்டேஜ்ல எந்த கியர்னு நீங்களே வெச்சுக்கலாம். அதே ஆர்டுவினோல பழைய ஊனோ (ஆர்3) வாங்கிடாதீங்க, அதுல இது நேரடியா ஆகாது.

நான் அந்த அளவுக்கு போகல. பி 10 கே இன்னொண்ணு எக்ஸ்ட்ராவா வாங்கி டிராயர்ல போட்டு வெச்சேன், முன்ன பின்ன பாட் போனா மாத்திக்கலாம்னு. அது நல்லாதான் இருக்கு. நேத்து ராத்திரி பிட்லேர்ந்து பின்னாடி எடுக்க ரிவர்ஸ் போட்டேன், ஆறு விழுந்து வண்டி முன்னாடி நகந்து சுவத்துல உரசுச்சு. அந்த அடி சுவிட்ச். இன்னிக்கு ஞாயித்துக்கிழமை, அண்ணன் கடை இருக்காது, நாளைக்கு ஆபீஸ் முடிஞ்சு போகணும், இந்த தடவ எதுக்குன்னு சொல்லிட்டுதான் கேப்பேன்.