ஊதிப் பார்க்கிற மெஷின்: மூன்று மாத அனுபவம்

குடித்தவர் ஊதினால் ரத்தத்தில் எவ்வளவு ஆல்கஹால் என்று நம்பர் காட்டும் மெஷின் இது, ஆன்லைனில் 1,900 ரூபாய்க்கு வாங்கினேன். என் மச்சான், குடித்துவிட்டு "நான் ஸ்டெடியா இருக்கேன் மாமா" என்று சொல்லிக்கொண்டே பைக் சாவியைத் தேடுகிற ரகம். வாயால் சொன்னால் கேட்பதில்லை, ஒரு நம்பரைக் காட்டினாலாவது அடங்குவானா என்று பார்க்கத்தான் இந்தச் செலவு.

சோப்புக் கட்டி அளவில் இருக்கிறது, சட்டைப் பையில் அடங்கும். ஆன் செய்து சூடாக விட்டு, பீப் சத்தம் நிற்கும்வரை ஒரே மூச்சில் ஊத வேண்டும். குடித்தவுடனே ஊதினால் வாயில் ஒட்டியிருக்கிற சரக்கையும் சேர்த்து நம்பர் எகிறிவிடும், கால் மணி நேரமாவது பொறுக்கணும். ஒரு சொட்டு குடிக்காத என் பெரியப்பா மவுத்வாஷ் கொப்பளித்துவிட்டு வந்து ஊதினார், சிவப்பு விளக்கு! வீடே சிரித்தது, அவர் மட்டும் அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. போலீஸ் வைத்திருக்கும் கருவிகளில் பெரும்பாலும் ஃப்யூயல் செல் சென்சார், அதாவது ஆல்கஹாலை வேதிவினையால் அளக்கும் வகை. இந்த மாதிரி மலிவு மெஷினில் செமிகண்டக்டர் சென்சார், அது சிகரெட் புகைக்கும் சில சமயம் ஏமாறும்.

அதைக்கூட விட்டுவிடலாம். எனக்கு எரிச்சல் அந்தக் கலர் விளக்கு மேல்தான். ஒரு லிட்டர் ரத்தத்துக்கு 0.2 கிராம் ஆல்கஹால் வரை பச்சை, 0.5 வரை மஞ்சள், அதற்கு மேல் சிவப்பு. 0.5 என்பது பிரான்ஸ், ஜெர்மனி கணக்கு. நம் மோட்டார் வாகனச் சட்டம் 185ஆம் பிரிவில் வரம்பு 100 மில்லி ரத்தத்துக்கு 30 மில்லிகிராம், அதாவது இந்த மெஷின் கணக்கில் 0.3. அதைத் தாண்டி முதல் தடவை மாட்டினாலே 10,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை ஜெயில், இரண்டும் சேர்ந்தும் வரலாம். மெஷின் மஞ்சள் காட்டும்போதே நீங்கள் 0.3ஐத் தாண்டிக் குற்றவாளி ஆகியிருக்கலாம். மச்சானோ "மஞ்சள்தானே மாமா, சிக்னல்ல மஞ்சள்னா போகலாம்ல" என்கிறான். விற்பனையாளருக்கு இரண்டு தடவை எழுதிக் கேட்டேன், பதிலே இல்லை.

ஆனால் ஒரு விஷயத்துக்காக இதைத் திருப்பி அனுப்பவில்லை. கும்பகோணத்தில் ஒரு கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி மச்சான் ஒரு குவார்ட்டரும் ஒரு பீரும் முடித்தது பத்து மணிக்கு. நன்றாகத் தூங்கி எழுந்து, குளித்து, இட்லி சாப்பிட்டு, காலை ஆறு மணிக்குப் பெண் வீட்டாரை அழைத்துவர வேன் எடுக்கக் கிளம்பினான். ஊதச் சொன்னேன். 0.38. ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 0.15தான் இறங்கும், மோரும் எலுமிச்சையும் காபியும் அதைத் துரத்தாது. வேனை நான் ஓட்டினேன்.

எங்கள் பக்கத்துச் சாலை எப்படி என்று தெரிந்தவர்களுக்கு இது புரியும். அரசலாற்றுக் கரை, கல்லணைக் கால்வாய்க் கரை, பல இடங்களில் தடுப்புச்சுவர் கிடையாது, மதகு வந்தால் சட்டென்று வளைவு. குறுவை அறுப்பு சமயம் பாதி ரோட்டில் நெல் காய்கிறது, இருட்டில் பின்விளக்கு இல்லாமல் டிராக்டர் டிப்பர் நிற்கிறது. குடித்தவன் விபத்து பெரும்பாலும் ராத்திரியில், வார விடுமுறையில், எதிரே வண்டியே இல்லாமல் தானே போய் மோதுவதுதான். கண் பார்த்தாலும் கை பிரேக்குக்குப் போக நேரமாகிறது, அதனால் முழு வேகத்தில் அடி. ஹெல்மெட்டும் பெட்ரோல் டேங்க் மேல்தான் இருக்கும். இடுப்பளவு வாய்க்காலில் குப்புற விழுந்தால், மயங்கியவனுக்கு அரை அடித் தண்ணீரே போதும்.

இன்னொன்று. தலையில் அடிபட்டுக் கிடப்பவனையும் போதையில் தூங்குபவனையும் பார்த்தால் ஒரே மாதிரிதான் இருக்கும். எங்கள் தெருவில் ஒருவரை "விடிஞ்சா எழுந்திருப்பாரு" என்று திண்ணையில் படுக்கவைத்தார்கள். விடிந்தபோது காதில் ரத்தம் உறைந்திருந்தது. வாசனை வந்தாலும் எழுப்பிப் பாருங்கள், சரியாகப் பேசவில்லை என்றால் 108ஐக் கூப்பிடுங்கள்.

மொத்தத்தில் ஐந்துக்கு இரண்டரை. மறுநாள் காலைக்கு மட்டும் வாங்கலாம், அதுவும் கலரைப் பார்க்காமல் நம்பரைப் பார்ப்பதாக இருந்தால். ராத்திரி வீடு திரும்ப இது வேண்டாம், அந்தக் காசுக்கு இரண்டு மூன்று தடவை ஆக்டிங் டிரைவர் கிடைப்பார். என் மெஷினில் 0.3க்கு மேல் சிவப்பு நெயில் பாலிஷால் கோடு போட முடியுமா என்று பார்த்தேன், டிஜிட்டல் திரையில் எங்கே போடுவது? பின்பக்கம் ஒரு பிளாஸ்திரி ஒட்டி "0.3 = நடை" என்று எழுதி வைத்திருக்கிறேன்.