பழைய மஸ்டாங்குக்கு ஸ்பிரிங் வாங்குகிறவர்கள் கவனத்துக்கு: எனக்கு 640 டாலர் போச்சு

இன்னும் கோபம் அடங்கவில்லை. எழுத்து முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். டெட்ராய்ட் பக்கம் பழைய கார் வைத்திருக்கும் நம் ஆட்கள் சிலராவது இதைப் படிக்க வேண்டும். 640 டாலர் போய்விட்டது.

என்னுடையது 1967 ஃபோர்ட் மஸ்டாங், 289 கன அங்குல வி8 எஞ்சின். முன்னும் பின்னும் ஒரு அங்குலம் இறக்கி, ஆகஸ்டில் உட்வர்ட் ட்ரீம் க்ரூஸுக்கு, அதாவது இங்கே நடக்கும் பழைய கார் ஊர்வலத்துக்கு, கொண்டுபோக ஆசை. பழைய அமெரிக்க கார்களுக்கு மட்டும் பாகங்கள் விற்கும் ஒரு ஆன்லைன் கடையில் செட்டாகக் கேட்டேன். முன்னால் சுருள் ஸ்பிரிங், பின்னால் மிட்-ஐ லீஃப் ஸ்பிரிங், அதாவது எஃகுப் பட்டை ஸ்பிரிங். மிட்-ஐ என்றால் முனையில் இருக்கும் வளையத்தைப் பட்டையின் நடுக்கோட்டுக்கு வருகிற மாதிரி சுருட்டியிருப்பார்கள். அதிலேயே வண்டி ஏறக்குறைய ஒரு அங்குலம் கீழே உட்கார்ந்துவிடும்.

போனில் பேசிய ஆள் விலைப் பேச்சே எடுக்கவில்லை. "விஐஎன் நம்பரில் ஐந்தாவது எழுத்து என்ன?" என்றார். விஐஎன் என்றால் காரின் அடையாள எண், அந்த எழுத்து எந்த எஞ்சின் என்று காட்டும். 'சி' என்றேன். "அப்படியானால் 289, டூ பேரல் கார்புரேட்டர். ஏசி உண்டா?" என்று அடுத்த கேள்வி. ஏசி இருந்தால் முன்பக்கம் எடை கூடும், ஸ்பிரிங்கும் அதற்கேற்ப மாறும். இதையெல்லாம் கேட்கிற ஆளை எப்படிச் சந்தேகப்படுவது? கார்டு நம்பரைச் சொன்னேன். ஷிப்பிங் சேர்த்து 640 டாலர்.

மெக்கானிக்கிடம் கொடுத்து முதலில் முன்பக்கத்தை மாட்டினோம். இந்தக் காரில் சுருள் ஸ்பிரிங் மேல் கன்ட்ரோல் ஆர்முக்கு (சக்கரத்தைப் பிடித்திருக்கும் கை) மேலே, ஷாக் டவருக்குள் உட்காரும். ஸ்பிரிங் கம்ப்ரசர் வைத்து இறுக்கித்தான் ஏற்ற வேண்டும். லேசான வேலை இல்லை. ஜாக்கை இறக்கி, ஒரு சுற்று ஓட்டி வந்து ஃபெண்டர் உயரத்தை அளந்தால், இறங்க வேண்டிய வண்டி ஒன்றேகால் அங்குலம் ஏறி நிற்கிறது! மூக்கைத் தூக்கிக்கொண்டு போகும் மோட்டார் படகு மாதிரி.

பெட்டியில் மிச்சமிருந்த ஸ்டிக்கரை மெக்கானிக் நகத்தால் உரித்தார். அடியில் இன்னொரு ஸ்டிக்கர், அதில் '390'. அது 1967இல் மஸ்டாங்குக்கு வந்த பிக் பிளாக், அதாவது பெரிய, கனமான எஞ்சின். என் 289ஐ விட நூறு பவுண்டுக்கு மேல் எடை அதிகம். அதைத் தாங்குகிற ஸ்பிரிங்கை என் வண்டிக்குப் போட்டால் ஏறாமல் என்ன செய்யும்? கைதவறி வந்தது என்றால் மேலே ஏன் ஸ்டிக்கர் ஒட்டுகிறார்கள்?

பின்பக்கம் இன்னும் மோசம். மிட்-ஐ வரவே இல்லை. சாதாரண லீஃப் ஸ்பிரிங்கும், கூடவே ஒரு அங்குல லோயரிங் பிளாக் (ஆக்சிலுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவில் வைக்கும் கட்டை) இரண்டும் வந்திருந்தன. உயரம் என்னவோ இறங்கும்தான். ஆனால் ஆக்சில் பட்டையிலிருந்து தள்ளிப்போவதால், ஆக்சிலரேட்டரை அழுத்தினால் ஸ்பிரிங் முறுக்கிக்கொண்டு சக்கரம் குதிக்கும். போதாக்குறைக்கு இதையெல்லாம் சேர்த்துக் கட்டும் யூ-போல்ட் பழைய நீளம், நட்டுக்கு மரையே எட்டவில்லை. அதை மாட்ட மெக்கானிக் மறுத்துவிட்டார். நல்ல மனுஷன்.

அப்புறம் ஆரம்பித்தது போன் படலம். முதலில், "500 மைல் ஓட்டுங்கள், ஸ்பிரிங் செட்டில் ஆகிவிடும்." ஸ்டிக்கர் படத்தை அனுப்பினேன். "கிடங்கில் விசாரிக்கிறோம்." அடுத்து, "மாட்டிய பொருளைத் திரும்ப எடுப்பதில்லை." சரி, மாட்டாத லீஃப் ஸ்பிரிங்கையாவது எடுங்கள் என்றால், 25 சதவீதம் பிடிப்போம், அனுப்பும் செலவும் உங்களுடையது என்கிறார்கள். விஐஎன் கேட்ட அந்த ஞானி இப்போது லைனுக்கே வருவதில்லை. பணத்தைத் திரும்பக் கேட்டு கார்டு கம்பெனியில் டிஸ்பியூட் போட்டேன். வாடிக்கையாளர் பொருளை ஏற்றுக்கொண்டு பொருத்திவிட்டார் என்று கடை பதில் எழுதியிருக்கிறது. 640 டாலரும் அவர்களிடம்தான் இருக்கிறது. மெக்கானிக் கூலி, அலைன்மென்ட் எல்லாம் தனி.

பாகம் தேர்வு செய்வது பற்றி விரிவாக எழுதுகிறேன் என்று சிலரிடம் சொல்லியிருந்தேன். இப்போது அதற்குப் பொறுமை இல்லை. ஸ்பிரிங் ரேட், அதாவது ஒரு அங்குலம் அமுங்க எத்தனை பவுண்டு என்பதை, காசு கொடுக்கும் முன் எழுத்தில் வாங்குங்கள். பெட்டி வந்ததும் ஸ்டிக்கரை உரித்துப் பாருங்கள், கம்பித் தடிமனைப் பழைய ஸ்பிரிங்கோடு வைத்துப் பாருங்கள். மிட்-ஐ கேட்டால் மிட்-ஐதான், பிளாக்கைத் தலையில் கட்ட விடாதீர்கள். பழைய சுருளையே அரைச் சுற்று வெட்டுகிறவர்கள் கட்டிங் வீலால் வெட்டுங்கள். கேஸ் டார்ச் வைத்தால் சூட்டில் ஸ்பிரிங்கின் பதம் போய்விடும்.

கடை பெயரை இங்கே போடவில்லை, டிஸ்பியூட் இன்னும் முடியவில்லை. பிக் பிளாக் வண்டி வைத்திருக்கும் யாருக்காவது 390 ஸ்பிரிங் ஒரு ஜோடி வேண்டுமா?