இரவு இரண்டு மணி அலாரம் இனி இல்லை: சர்க்கரை சென்சார் பற்றி ஒரு அப்பாவின் அனுபவம்

என் மகளுக்கு டைப் 1 சர்க்கரை என்று தெரிந்தபோது நாலு வயது. இப்போது எட்டு. கையில் ஒட்டுகிற சென்சார் போட ஆரம்பித்து ஒன்றரை வருடம் ஆகிறது. இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் விரலில் குத்துகிற வேதனை குறைந்ததைத்தான் முதலில் சொல்கிறார்கள். அது உண்மைதான். ஆனால் பெற்றவர்களின் தூக்கத்தையும் மனசையும் இது என்ன செய்கிறது என்று நான் வாங்கும்போது யாரும் சொல்லவில்லை. அதைத்தான் எழுதுகிறேன்.

சென்சாருக்கு முன்னால் இரவு 12 மணிக்கு ஒரு தடவை, 2 மணிக்கு ஒரு தடவை எழுந்திருப்போம். டார்ச் வெளிச்சத்தில் போர்வையை விலக்குவேன். அவள் கண்ணே திறக்க மாட்டாள். போர்வை அசைந்ததுமே தூக்கத்திலேயே கையை நீட்டி, மோதிர விரலை மட்டும் தனியாகப் பிரித்துக் கொடுப்பாள். அந்த விரலைப் பிடித்துக் குத்துகிற ஒவ்வொரு தடவையும் எனக்குத் தொண்டை அடைக்கும். ரத்தத்தில் சர்க்கரை 70-க்குக் கீழே இருந்தால் எழுப்பி குளுக்கோஸ் கொடுத்து, 15 நிமிடம் தரையில் உட்கார்ந்திருந்துவிட்டு மறுபடி குத்திப் பார்க்க வேண்டும். நல்ல எண் வந்த இரவிலும் தூக்கம் பிடிக்காது. மீட்டர் 140 என்று காட்டும். ஏறிக்கொண்டிருக்கிற 140-ஆ, இறங்கிக்கொண்டிருக்கிற 140-ஆ என்று அந்த ஒரு சொட்டு ரத்தம் சொல்லாது.

சென்சாரின் பெரிய பலம் அங்கேதான். முடி போல மெல்லிய இழை ஒன்று தோலுக்கு அடியில் இருக்கிறது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை எண்ணை அவளுடைய போனுக்கு அனுப்புகிறது. அங்கிருந்து எங்கள் போனுக்கும் வருகிறது. எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு அம்புக்குறி. 140, அம்பு நேராக இருந்தால் நான் திரும்பிப் படுத்துக்கொள்ளலாம்.

ஆனால் முதல் மாதம் நாங்கள் முன்பைவிடக் குறைவாகத்தான் தூங்கினோம். தவறு எங்களுடையது. பயத்தில் கீழ் அலாரத்தை 80-லும் மேல் அலாரத்தை 180-லும் வைத்தோம். அதுவும் இரண்டு போனிலும். ஒரே இரவில் ஆறு தடவை அடித்தது. ஒவ்வொரு தடவையும் இரண்டு பேரும் எழுந்து ஓடுவோம்.

ஒரு இரவு எண் சட்டென்று 52 ஆகிவிட்டது. பதறிப்போய் அவளை உட்காரவைத்துக் குளுக்கோஸைக் கொடுத்தேன். "எனக்கு ஒண்ணும் இல்லப்பா" என்று அழுதாள். பிறகு விரலில் குத்திப் பார்த்தால் 131. சென்சார் இருந்த கையின் மேலேயே படுத்திருக்கிறாள். அந்த இடம் அழுந்தினால் எண் பொய்யாக இறங்கும் என்பது எனக்கு அப்போது தெரியாது. அவள் எப்போதும் இடப்பக்கமாகப் படுப்பவள் என்பதால் இப்போது வலக்கையில்தான் ஒட்டுகிறோம். சரிவே இல்லாமல் எண் செங்குத்தாக விழுந்திருந்தால் முதலில் மீட்டரில் பார்த்துவிடுகிறேன். மீட்டர் உடனே கைக்குக் கிடைக்காவிட்டாலோ, குழந்தை வியர்த்து நடுங்கினாலோ யோசிக்காமல் குளுக்கோஸ்தான்.

இன்னொன்றும் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம். இது ரத்தத்தை அளப்பதில்லை, செல்களுக்கு நடுவில் இருக்கிற நீரை அளக்கிறது. அதனால் ரத்தத்தைவிடச் சில நிமிடங்கள் பின்தங்கியே வரும். குளுக்கோஸ் கொடுத்த பிறகும் எண் கீழேயே இருக்கிறதே என்று பயந்து இரண்டாவது தடவையும் கொடுத்து, விடியும்போது 300-ஐப் பார்த்திருக்கிறோம்.

மகளின் டாக்டரைக் கேட்டு இரவு அலாரத்தைக் கீழே 70, மேலே 250 என்று மாற்றினோம். 55-ல் அடிக்கிற அவசர அலாரத்தை நிறுத்த முடியாது. நிறுத்த முடியாமல் வைத்திருப்பது நல்லதுதான். இதைவிட முக்கியமான மாற்றம், இரவுகளைப் பங்குபோட்டுக்கொண்டது. ஒரு நாள் என் முறை, மறுநாள் மனைவியின் முறை. முறை இல்லாதவர் போனை வேறு அறையில் வைத்துவிட வேண்டும். எனக்கு முறை இல்லாத முதல் இரவில் ஏழு மணி நேரம் ஒரே மூச்சாகத் தூங்கியிருக்கிறேன். வெளிச்சத்தில் கண் விழித்ததும் நெஞ்சு படபடக்க ஓடினேன். மனைவி அவளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். "நூத்தி இருபதுதாங்க, போய்ப் படுங்க" என்றாள்.

எண்ணைத் தூரத்திலிருந்து பார்க்கும் வசதியை நினைத்தால் எனக்கு இன்னும் நெகிழ்ச்சிதான். 2013-ல் ஒரு இன்ஜினியர் அப்பா, தன் சின்ன மகனின் சென்சார் எண்ணை வேலையிடத்திலிருந்தே பார்க்க வேண்டும் என்று தானே புரோகிராம் எழுதினார். அவரைப் போன்ற பெற்றோர்கள் கைகோத்து வளர்த்ததுதான், சென்சார் எண்ணைத் தூரத்திலிருந்து பார்க்க உதவும் நைட்ஸ்கவுட் என்ற இலவச மென்பொருள். அவருடைய தவிப்பு எனக்கு நன்றாகப் புரிகிறது.

அதே வசதிதான் என்னை ஆட்டியும் வைத்தது. வேலையில் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை போனைப் பார்ப்பேன். அவள் பள்ளி விட்டு வந்ததும் வாசலிலேயே "மத்தியானம் 260 போயிருக்கே, என்ன சாப்பிட்டே?" என்று கேட்பேன். ஒரு நாள் வரைபடத்தில் மூன்று மணி நேரம் காலியாக இருந்தது. அவள் போனை வகுப்பறையிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தாள். கேட்டதற்குத் தலையைக் குனிந்துகொண்டு, "விளையாட்டுப் போட்டி இருந்துச்சுப்பா. அப்ப மட்டும் நீங்க பாக்க வேணாம்னு நெனச்சேன்" என்றாள்.

வாசலில் எண்ணைப் பற்றிக் கேட்பதை அன்றோடு நிறுத்தினேன். போன் அவளோடு இருக்க வேண்டும், 70-க்கும் 250-க்கும் நடுவில் இருந்தால் பகலில் நான் கேட்கக் கூடாது. இதுதான் எங்களுக்குள் பேச்சு. 70 முதல் 180 வரை நாளில் 70 சதவீத நேரம் இருந்தால் போதும் என்பதுதான் பொதுவான இலக்கு என்று டாக்டர் சொன்னதும் உதவியது. அப்படியென்றால் ஏழு மணி நேரம் வெளியே போனாலும் அது நல்ல நாள்தான். 200-ஐப் பார்த்த போதெல்லாம் என்னையே குற்றவாளியாக்கிக்கொண்டு எத்தனை நாள் இருந்திருக்கிறேன்!

குறைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வியர்த்தால் ஓரம் பிரிகிறது, மேலே கூடுதல் பிளாஸ்திரி ஒட்ட வேண்டும். தோல் சிவக்கிறது. பத்து நாள் வர வேண்டிய ஒன்று ஆறாம் நாளே செயலிழந்தது, மாற்றிக் கொடுக்க இரண்டு வாரம் இழுத்தடித்தார்கள். புதியது ஒட்டினால் முதல் எண் வர இரண்டு மணி நேரம் ஆகும், முதல் நாள் எண்ணும் தடுமாறும். அதனால் படுக்கப் போகும்போது மாற்றாதீர்கள். செலவு பெரியது, நிற்காதது. தொடர்ந்து போட முடியாதவர்கள், இன்சுலின் அளவு மாற்றும் நாட்களுக்கு மட்டும் ஒன்று போடலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

ஒரு செக்கப்பில் நர்ஸ் ஒருவர், "நீங்க ரெண்டு பேரும் தூங்குறீங்களா?" என்று கேட்டார். அதுவரை யாரும் கேட்டதில்லை. மனைவி அங்கேயே உடைந்து அழுதாள். அவர் சொல்லித்தான் மனநல ஆலோசகரிடம் போனோம். மனைவிதான் முதலில் போனாள், பல மாதம் தள்ளிப்போட்டு நானும் போனேன். சென்சார் வந்தும் எங்களுக்கு அது தேவைப்பட்டது.

இப்போது மகளின் சித்தியும் ஆப்பில் இருக்கிறாள். ஊசி போடவும், லோ வந்தால், அதாவது சர்க்கரை ரொம்ப இறங்கினால், என்ன செய்ய வேண்டும் என்றும் கற்றுக்கொண்டு, மாதத்தில் ஒரு சனிக்கிழமை இரவு வந்து தங்குகிறாள். போன தடவை நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கினோம். நீங்கள் வாங்குவதாக இருந்தால், பெட்டியைப் பிரிக்கும் முன்பே டாக்டரிடம் இரவு அலாரம் எந்த எண்ணில் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எந்த இரவு யாருடைய முறை என்பதையும் அந்தத் தாளிலேயே எழுதிவிடுங்கள்.