25 வெள்ளிக்கு லைக்கன் நடை: ஒரு மசாலாக் கடைக்காரியின் கணக்கு

சுங்கை சிப்புட்டில் மசாலா அரைத்து விற்கும் கடை என்னுடையது. அன்னாசிப்பூ, மராட்டி மொக்கு, கல்பாசி எல்லாம் 22 வருஷமாக என் கையால் நிறுத்துப் போடுகிறேன். போன சனிக்கிழமை பக்கத்துத் தோட்டத்தில் லைக்கன் பார்க்கும் நடை ஒன்று நடந்தது. மரப்பட்டையிலும் கல்லிலும் திட்டுத் திட்டாகப் படர்ந்திருக்குமே, அதுதான் லைக்கன். பெரியவர்களுக்கு 25 வெள்ளி, பிள்ளைகளுக்கு 10. பள்ளி விடுமுறை, பேரன் போனைக் கீழே வைக்கமாட்டேன் என்கிறான். சரி, காற்றாவது வாங்கட்டும் என்று இரண்டு பேருக்கும் கட்டினேன்.

குறையை முதலில் சொல்லிவிடுகிறேன். 7:30க்கு வரச் சொன்னார்கள், பசியாறாமல் ஓடினோம். கிளம்பும்போது 8:10. 14 பேருக்கு லென்ஸ் நாலே நாலு. கையில் கொடுத்த சின்னப் புத்தகம் மலாயிலும் ஆங்கிலத்திலும் மட்டும். வந்தவர்களில் பாதிப் பேர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த தமிழர்கள், இரண்டு பக்கம் தமிழில் போட்டால் என்ன? கொசு எண்ணெய் எடுத்து வரும்படியும் யாரும் சொல்லவில்லை.

நடத்திய பெண் நல்ல தமிழ் பேசினாள், அதனால் பிழைத்தோம். செம்பனை வரிசையை வேகமாகக் கடந்து, ஒரு சின்னத் தோட்டக்காரரின் பழைய பால்மரங்களுக்குக் கூட்டிப் போனாள். என் அம்மா பால் வெட்டியவர். மரத்தில் வெள்ளை வெள்ளையாகப் படர்ந்திருப்பதை "மரத்துக்குத் தேமல்" என்பார். நானும் அதை நோய் என்றுதான் நினைத்திருந்தேன். நோய் இல்லையாம், அதுதான் லைக்கனாம். அதற்கு வேரே கிடையாது, மரத்தின் சாற்றைத் தொடுவதில்லை. பட்டைமேல் வாடகை கொடுக்காமல் குடியிருக்கிறது, அவ்வளவுதான்.

லைக்கன் என்பது ஓர் உயிர் இல்லை, கூட்டுக் குடித்தனம். பூஞ்சை வீடு கட்டுகிறது, உள்ளே இருக்கும் பாசி வெயிலில் சமைக்கிறது. 1860களின் கடைசியில் ஷ்வெண்டனர் என்ற சுவிஸ்காரர் இதைச் சொன்னபோது பெரிய பெரிய ஆட்களே ஒத்துக்கொள்ளவில்லையாம். பூஞ்சையை எஜமான் என்றும் பாசியை அடிமை என்றும் அவர் வர்ணித்ததை அந்தப் பெண் சொன்னதும், பின்னால் நின்ற தாத்தா ஒருவர், "அப்போ கங்காணியும் ஆளுங்களும்னு சொல்லு" என்றார். பத்து நிமிஷம் சிரித்தோம்.

எழுத்து லைக்கன் என்று ஒன்றைக் காட்டினாள். இதற்கு மட்டுமே 25 வெள்ளி தரலாம். வெறும் கண்ணுக்குச் சாம்பல் நிறத் தோலில் யாரோ கறுப்புப் பேனா கிறுக்கியது மாதிரி இருக்கும். லென்ஸைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்து, முகத்தை மரத்துக்குக் கிட்டே கொண்டுபோக வேண்டும். கிறுக்கல் ஒவ்வொன்றும் மேடாக எழும்பி நிற்கிறது. வளைகிறது, சிலது இரண்டாகக் கிளைக்கிறது. நடுவில் காப்பிக் கொட்டைக்கு இருப்பது போல நீளமாக ஒரு பிளவு. பூஞ்சையின் வித்துத்தூள் வெளியே வருவது அந்த வழியாகத்தான். பேரன் அதில் 'ட' கண்டுபிடித்தான், 'ப' கண்டுபிடித்தான், தன் பெயரைத் தேட ஆரம்பித்ததும் லென்ஸைப் பிடுங்க வேண்டியதாகிவிட்டது.

அப்புறம் அவள் பையிலிருந்து ஒரு பொட்டலத்தைப் பிரித்து, "ஆன்ட்டி, இது என்ன?" என்றாள். எனக்கா தெரியாது? கல்பாசி! அதுவும் லைக்கன்தானாம். மேலே சாம்பல், அடியில் கறுப்பு, ஓரத்தில் கண்ணிமை மயிர் போல மெல்லிய முடிகள். கொதிக்கும் எண்ணெயில் போட்டால் என்ன வாசனை வரும் என்று உலகத்துக்கே பாடம் எடுப்பேன், ஆனால் அந்த முடியை நான் பார்த்ததே இல்லை. பெயரில் பாசி இருக்கிறது, பூஞ்சைக்கு இடமில்லை, எனவே பெயர் பாதி சரி. மரத்தில் இருப்பதைச் சுரண்டிக் குழம்பில் போடாதீர்கள் என்று கண்டிப்பாகச் சொன்னாள். எல்லா வகையும் சாப்பிட ஏற்றதில்லை, காற்றில் வரும் அழுக்கையும் ஈயத்தையும் சேர்த்து வைத்துக்கொள்ளும். கந்தகப் புகை அதிகமானால் பல வகை செத்தே போகுமாம்.

அடுத்து தோட்டத்து மாரியம்மன் கோயில் சுவர் என்று திட்டம். போய்ப் பார்த்தால் திருவிழாவுக்காகப் புதுசாகப் பெயிண்ட்! பாவம், அந்தப் பெண்ணின் முகம் விழுந்துவிட்டது. கிணற்றடித் துவைக்கிற கல்லில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு ஒன்று மிஞ்சியிருந்தது. கல்லோடு ஒட்டிய வகைகளில் வருஷத்துக்கு ஒரு மில்லிமீட்டர்கூட வளராதவை உண்டு என்றாள். அந்தக் கல்லில் துணி துவைத்த கிழவிகளை யோசித்துக்கொண்டேன்.

கடைசியில் குடையை விரித்து, மேலே கறுப்புத் துணி போட்டு இருட்டாக்கி, ஒரு மரத்தில் ஊதா டார்ச் அடித்தாள். வெளுத்த சாம்பல் திட்டு மஞ்சளாக எரிந்தது. அதிலுள்ள ஒரு பொருளால் வரும் ஒளி அது. இங்கே டவுன் மரங்களிலும் அந்த வகை சாதாரணமாம்.

அந்த மாதிரி டார்ச் என் கல்லாப்பெட்டியிலும் இருக்கிறது, 50 வெள்ளி நோட்டு கள்ளமா என்று பார்க்க. அன்றிரவே பேரன் அதைத் தூக்கிக்கொண்டு வீட்டுப் பின்னால் ரம்புத்தான் மரத்துக்குப் போய்விட்டான். ஒன்பது திட்டில் மூன்று எரிந்ததாம். மறுநாள் கடை திறக்கும்போது டார்ச்சில் பேட்டரி இல்லை.