நிக்கான் டி700: செகண்ட் ஹேண்டில் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்

நிக்கான் டி700 என்ற டிஎஸ்எல்ஆர் கேமரா வெளிவந்தது 2008 ஜூலையில். அமெரிக்காவில் அன்று பாடி மட்டும் (லென்ஸ் இல்லாமல்) 2,999 டாலர். அதற்கு முந்தைய ஆண்டு வந்த டி3-இன் அதே 12.1 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேம் (35 மிமீ ஃபிலிம் அளவு) சென்சாரையும் அதே 51 புள்ளி ஆட்டோஃபோகஸையும் சிறிய உடலுக்குள் வைத்துக் கொடுத்தார்கள். 2012-இல் டி800 வந்ததும் அதன் காலம் முடிந்ததாகப் பேசப்பட்டது. ஆனால் பழைய கேமரா சந்தையில் டி700-ஐத் தேடி வருபவர்கள் இன்றும் குறையவில்லை. வீடியோ வேண்டாம், போட்டோ மட்டும் போதும் என்பவருக்கு, நல்ல நிலையில் உள்ள ஒரு டி700 இன்றும் வாங்கத் தகுந்தது. அந்த ‘நல்ல நிலை’யை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதுதான் இந்த விமர்சனத்தின் பெரும்பகுதி.

முதலில் 12 மெகாபிக்சல் போதுமா என்ற கேள்வி. படத்தின் அளவு 4256 × 2832 பிக்சல். 4கே டிவியின் அகலம் 3840 பிக்சல்தான். முழுத்திரையில் வைத்தாலும் மிச்சம் இருக்கும். 8 × 12 அங்குலப் பிரிண்ட் 300 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) தாராளமாக வரும். நம் ஊர்க் கல்யாண ஆல்பங்களில் வழக்கமான 12 × 36 விரிப்பில், ஒரு பக்கம் என்பது 12 × 18 அங்குலம். ஒரே படத்தை அந்தப் பக்கம் முழுக்க வைத்தால் சுமார் 236 டிபிஐ கிடைக்கிறது. கையில் பிடித்துப் பார்க்கும் தூரத்தில் குறை தெரியாது. படத்தில் பாதியை வெட்டிவிட்டு மீதியை அந்த அளவுக்கு இழுத்தால் மட்டுமே தெரியும். ஆகவே எடுக்கும்போதே ஃபிரேமைச் சரியாகக் கட்டுபவருக்கு இது போதும். தொலைவில் இருக்கும் பறவையை எடுத்துப் பிறகு வெட்டிக்கொள்ளலாம் என்று நினைப்பவருக்குப் போதாது.

சென்சாரின் ஒவ்வொரு பிக்சலும் சுமார் 8.45 மைக்ரான் அகலம். ஐஎஸ்ஓ 3200 வரை தயக்கமில்லாமல் பயன்படுத்தலாம். 6400-இல் நாய்ஸ் புள்ளிகள் தெரிந்தாலும் கறுப்பு வெள்ளைக்கு அழகாகவே இருக்கும். இதன் நிறத்தில் ஏதோ மாயம் இருப்பதாகப் பலர் எழுதுகிறார்கள். நிறம் பெரும்பாலும் ரா கோப்பை (சென்சாரின் மூலப் பதிவை) திறக்கும் மென்பொருளின் புரொஃபைலிலும் ஒயிட் பேலன்ஸிலும்தான் தீர்மானமாகிறது. அந்தப் பேச்சுக்காக ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்க வேண்டாம். அதேபோல, இருட்டாக எடுத்துவிட்டுப் பின்னால் நிழலைத் தூக்கிக்கொள்ளும் பழக்கம் இதில் செல்லாது. டி750 போன்ற பிந்தைய கேமராக்களில் மூன்று நான்கு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்கு) தூக்கினாலும் நிழல் தாங்கும். இதில் நிழலில் புள்ளிகளும் கோடுகளும் எழுந்து வரும். எக்ஸ்போஷரை எடுக்கும்போதே சரியாக வைக்க வேண்டும். அடிப்படை ஐஎஸ்ஓ 200 என்பதையும் நினைவில் வையுங்கள். ‘லோ 1’ என்று 100-க்கு இறக்கினால் வெளிச்சப் பகுதிகளில் விவரம் குறையும். வெயிலில் பெரிய துளையில் (ஏபர்ச்சரில்) எடுக்க வேண்டுமானால், வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி ஃபில்டர் போடுவது நல்லது.

இந்தக் கேமராவின் மதிப்பு என் பார்வையில் சென்சாரைவிட, லென்ஸ் மாட்டும் மவுண்டில்தான் அதிகம். உள்ளே ஃபோகஸ் மோட்டார் இருக்கிறது. மோட்டார் இல்லாத பழைய ஏஎஃப், ஏஎஃப்-டி வகை லென்ஸ்களை, பாடியிலிருந்து நீளும் சிறு திருப்புளி சுழற்றி ஃபோகஸ் செய்யும். டி40, டி3000, டி5000 வரிசைகளில் இந்த மோட்டார் கிடையாது. நிக்கானின் இசட் மிரர்லெஸ் பாடியில் எஃப்டிஇசட் அடாப்டர் வழியாகப் போட்டாலும் இந்த லென்ஸ்கள் கையால்தான் ஃபோகஸ் ஆகும். அதனால்தான் 50 மிமீ எஃப்/1.8டி, 85 மிமீ எஃப்/1.8டி, 28-105 மிமீ எஃப்/3.5-4.5டி, 80-200 மிமீ எஃப்/2.8டி போன்ற நல்ல லென்ஸ்கள் மலிவாகக் கிடைக்கின்றன. டி700 வைத்திருப்பவருக்கு அவை எல்லாம் முழு ஆட்டோஃபோகஸ் லென்ஸ்கள். இதில் 28-105 தனியாகக் குறிப்பிட வேண்டியது: மேக்ரோ சுவிட்சைத் தள்ளினால் பாதி அளவு வரை நெருங்கலாம், வீட்டு விசேஷங்களுக்கு அதுவும் 50-உம் போதும்.

அதற்கும் முந்தைய ஏஐ, ஏஐ-எஸ் கைமுறை லென்ஸ்களும் பொருந்தும். மெனுவில் ‘நான்-சிபியு லென்ஸ் டேட்டா’ என்ற இடத்தில் குவியத் தூரத்தையும் பெரிய துளை அளவையும் பதிந்துவிட்டால் வெளிச்ச மீட்டர் சரியாக வேலை செய்யும். ஒன்பது லென்ஸ்கள் வரை சேமிக்கலாம். மாறாக, அண்மைக் கால ஏஎஃப்-பி லென்ஸ்களை இதற்கு வாங்காதீர்கள். இதில் அவற்றின் ஃபோகஸ் இயங்காது. சிறிய சென்சாருக்கான டிஎக்ஸ் லென்ஸ் மாட்டினால் படம் 5.1 மெகாபிக்சலாகச் சுருங்கும்.

இனி வாங்கும் இடத்தில் செய்ய வேண்டியவை. கையோடு நாலு பொருள் கொண்டு போங்கள்: நன்றாகச் சார்ஜ் ஏற்றிய இஎன்-இஎல்3இ பேட்டரி, ஒரு சிஎஃப் (காம்பாக்ட் ஃபிளாஷ்) மெமரி கார்டு, ஒரு டி வகை லென்ஸ், சிறிய டார்ச்.

பேட்டரி இல்லாமல் வியூஃபைண்டரைப் பார்த்தால் மங்கலாக, அழுக்குப் பிடித்ததுபோல் தெரியும். அது பழுதல்ல. உள்ளே இருக்கும் எல்சிடி தகட்டுக்கு மின்சாரம் வந்தால்தான் தெளியும். பேட்டரி போட்ட பிறகும் மங்கலாக இருந்தால்தான் கவலை. விற்பவரின் பேட்டரியைப் போட்டு, செட்டப் மெனுவில் ‘பேட்டரி இன்ஃபோ’ பாருங்கள். சார்ஜிங் லைஃப் என்ற வரியில் 0 என்றால் புதுசு, 4 என்றால் ஆயுள் முடிந்தது. 3 அல்லது 4 காட்டினால் புதுப் பேட்டரியின் விலையைக் கழித்துப் பேசுங்கள். பெயர் ஒத்திருக்கும் இஎன்-இஎல்3, இஎன்-இஎல்3ஏ பேட்டரிகள் இதில் வேலை செய்யாது; கடைசியில் ‘இ’ இருக்க வேண்டும்.

அடுத்து கார்டு அறை. டார்ச் அடித்து உள்ளே பாருங்கள்: இரண்டு வரிசையில் 50 ஊசிகள், எல்லாம் வளையாமல், நேராக நிற்க வேண்டும் (சில ஊசிகளின் நீளம் சற்று மாறியிருப்பது இயல்பு). டி700-இல் வேலையை முழுதாக நிறுத்திவிடக்கூடிய பழுது இதுதான். கார்டைச் சாய்வாகச் செருகி அழுத்தினால் ஒரு ஊசி வளையும். அதற்கு மேல் இன்னொரு முறை அழுத்தினால் உடையும். ஒரு ஊசி போனாலும் கார்டு எழுதாமல் போகலாம். இருப்பது ஒரே ஒரு கார்டு அறை, மாற்று வழி கிடையாது. வாங்கிய பிறகும் கார்டை விளிம்போடு ஒட்டி நேராக வழுக்கி விடுங்கள். பாதியில் தடுத்தால் வெளியே எடுத்துப் பாருங்கள், தள்ளாதீர்கள். 16 ஜிபி கார்டில் 14 பிட் லாஸ்லெஸ் ரா கோப்புகள் ஏறக்குறைய ஆயிரம் கொள்ளும். அதற்கு மேல் பெரிய கார்டு தேவைப்படாது.

ஷட்டர் 1,50,000 முறைக்குச் சோதிக்கப்பட்டது என்பது நிக்கானின் கணக்கு. அதைத் தாண்டியும் ஓடும், அதற்கு முன்பும் போகலாம். எண்ணிக்கையைப் பார்க்க, கேமராவிலிருந்து நேராக வந்த ஒரு படத்தை எக்ஸிஃப்டூல் மென்பொருளில் திறந்து ‘ஷட்டர் கவுண்ட்’ வரியைத் தேடுங்கள். வாட்ஸாப்பில் அனுப்பிய படத்தில் அந்தத் தகவல் அழிந்திருக்கும். எண் மட்டும் போதாது. ஷட்டரின் நடத்தையைப் பார்க்க வேண்டும். பகல் வெளிச்சம் சீராக விழும் சுவரை 1/4000, 1/8000 வேகங்களில் பத்துப் படம் எடுங்கள். ஒரு ஓரம் மட்டும் படிப்படியாக இருண்டால் ஷட்டர் திரைகளில் ஒன்று தளர்ந்துவிட்டது. இதை டியூப்லைட், எல்இடி வெளிச்சத்தில் செய்யக் கூடாது; விளக்கின் துடிப்பே பட்டை பட்டையாக விழுந்து குழப்பும்.

பிறகு துளையை எஃப்/16-க்கு மாற்றித் தொடர்ச்சியாக ஒரு வரிசைப் படம் எடுங்கள். ஏபர்ச்சர் மோடில் அல்ல, மேனுவல் மோடில். எல்லாம் ஒரே வெளிச்சத்தில் இருக்க வேண்டும். சில படங்கள் மட்டும் வெளுத்திருந்தால் லென்ஸின் துளைத் தகடுகளில் எண்ணெய் ஏறியிருக்கிறது, அல்லது பாடியின் துளை நெம்புகோல் வளைந்திருக்கிறது. இன்னொரு லென்ஸில் செய்து பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். அதே எஃப்/16-இல், ஃபோகஸை முடிவிலிக்கு வைத்து வெள்ளைச் சுவரை நெருங்கி எடுத்தால் சென்சார் தூசியும் தெரியும். டி3-இல் இல்லாத தூசி உதறும் வசதி இதில் இருக்கிறது. இரண்டு மூன்று முறை உதறிய பிறகும் அசையாத புள்ளிகள் ஈரமாக ஒட்டியவை, துடைக்கத்தான் வேண்டும். தூசிக்காக நல்ல பாடியை விட்டுவிட வேண்டியதில்லை.

ஆட்டோஃபோகஸுக்கு டி லென்ஸ் போட்டுச் சோதிப்பது முக்கியம். ஏஎஃப்-எஸ் லென்ஸில் மட்டும் சோதித்தால், பாடியின் மோட்டாரோ திருப்புளியோ போயிருந்தாலும் தெரியாது, ஏனென்றால் அந்த லென்ஸ்களில் மோட்டார் லென்ஸுக்குள்ளேயே இருக்கிறது. டி லென்ஸைப் போட்டதும் திரையில் ‘எஃப்-இ-இ’ என்று மின்னினால் பயப்படாதீர்கள். லென்ஸின் துளை வளையத்தை மிகச் சிறிய துளைக்கு, அதாவது அதிலுள்ள மிகப் பெரிய எண்ணுக்குத் திருப்பிப் பூட்டினால் போய்விடும். இந்த எழுத்துகளைப் பார்த்தே ‘கெட்டுப்போன லென்ஸ்’ என்று மலிவாகத் தள்ளிவிடுபவர்கள் உண்டு. மவுண்டைச் சுற்றியுள்ள, பழைய லென்ஸின் துளை அளவை அறியும் ஏஐ வளையத்தையும் விரலால் மெதுவாகத் தள்ளுங்கள். தடையின்றிச் சுழன்று, விட்டதும் ஸ்பிரிங் இழுத்துத் திரும்ப வர வேண்டும்.

ஃபோகஸ் துல்லியத்துக்கு ஒரு ஸ்கேலை 45 டிகிரி சாய்த்து வைத்து, லென்ஸின் பெரிய துளையில் நடுப்புள்ளியால் எடுங்கள். பிறகு லைவ் வியூவில் ‘டிரைபாட்’ முறையில் அதையே எடுங்கள். லைவ் வியூ படம் கூர்மையாகவும் சாதாரணப் படம் முன்னேயோ பின்னேயோ விழுந்தும் இருந்தால், ‘ஏஎஃப் ஃபைன் டியூன்’ மெனுவில் ±20 வரை சரிசெய்யலாம். எல்லா லென்ஸிலும் 15-க்கு மேல் தேவைப்பட்டால் கேமரா கீழே விழுந்திருக்க வாய்ப்பு அதிகம், அதை விட்டுவிடுங்கள். 51 புள்ளிகளும் நடுவில் குவிந்திருப்பதும், அவற்றில் நடுவிலுள்ள 15 மட்டுமே குறுக்கு வகை (கிடைக்கோடு, செங்குத்துக்கோடு இரண்டையும் பிடிப்பவை) என்பதும் இதன் பிறவிக் குறை. ஓரத்தில் இருக்கும் முகத்தைப் பிடிக்க, நடுவில் ஃபோகஸ் செய்து ஃபிரேமை நகர்த்தும் பழைய வித்தை தேவைப்படும்.

கிரிப் ரப்பர் தளர்ந்திருப்பது ஏறக்குறைய எல்லா டி700-இலும் காணும் குறை. வியர்வையும் வெப்பமும் பட்டுப் பசை விடும், ரப்பரும் நீளும். நீண்ட ரப்பரைப் பழைய இடத்தில் ஒட்டினால் விளிம்பு உப்பி நிற்கும். புது ரப்பர் செட் வாங்கி, பழைய பசையை ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்தெடுத்து, மெல்லிய இருபக்க டேப்பில் ஒட்ட வேண்டும். இது அரை மணி நேர வேலை. ரப்பர் தூக்கியிருப்பதில் வாங்குபவருக்கு ஒரு நன்மையும் உண்டு: அடியில் இருக்கும் திருகுகளைப் பார்க்கலாம். தலை தேய்ந்த திருகு என்றால் யாரோ திறந்திருக்கிறார்கள். ஏன் திறந்தார்கள் என்று கேளுங்கள்.

மேல் திரையில் ‘க்ளாக்’ என்று மின்னினால் உள் கடிகார பேட்டரி இறங்கியிருக்கிறது. முதன்மை பேட்டரியை இரண்டு நாள் உள்ளேயே விட்டால் அது தானாக ஏறிவிடும். அப்படி விட்ட பிறகும் மின்னினால் தேதி நிற்காது. படம் எடுப்பதில் பாதிப்பில்லை. ‘ஈ-ஆர்-ஆர்’ என்று மின்னுவது வேறு. அது பெரும்பாலும் ஷட்டர் அல்லது மிரர் பிரச்சினை. ஒரு முறை வந்தாலும் அந்தப் பாடி வேண்டாம். நிக்கானின் புது உதிரிபாகம் இனி எளிதில் கிடைக்காது, வேறொரு பாடியைக் கழற்றித்தான் எடுக்க வேண்டும்.

பாடியின் அடியில் மாட்டும் எம்பி-டி10 பேட்டரி கிரிப் சேர்த்துக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளலாம். எட்டு ஏஏ ரீசார்ஜ் பேட்டரிகள் போட்டால் வேகம் நொடிக்கு 5-இலிருந்து 8 படமாக உயரும். அதில் இஎன்-இஎல்3இ போட்டால் 5-தான். ஆனால் பாடி மட்டுமே 995 கிராம். கிரிப்பும் 80-200-உம் சேர்ந்தால் மணிக்கட்டு பேசும்.

லென்ஸில் ஃபங்கஸ் பார்க்கும்போது துளையை முழுதாகத் திறந்து, டார்ச்சைப் பின்னாலிருந்து சாய்வாக அடியுங்கள். சிலந்தி நூல்போல் கிளைத்திருந்தால் ஃபங்கஸ்; பனிபோல் சீராகப் படர்ந்தால் ஹேஸ். 35-70 மிமீ எஃப்/2.8டி லென்ஸில் இந்த ஹேஸ் பரவலாக வரும், மலிவு விலைக்குக் காரணமும் அதுதான். சென்னை, தூத்துக்குடி, யாழ்ப்பாணம் போன்ற கடலோர ஊர்களில் வைத்திருந்த லென்ஸ் என்றால் இன்னும் கவனமாகப் பாருங்கள். வாங்கிய பிறகு தோல் பையில் அடைத்து அலமாரியில் வைக்காதீர்கள். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லும் ஒரு ஈரமானியும் போட்டு 40 முதல் 50 சதவீதத்தில் வைத்தால் போதும். ஜெல் நிறம் மாறியதும் சூடாக்கி மறுபடி போடலாம்.

போட்டியாளர்களில் 2005-இல் வந்த முதல் கேனான் 5டி இதைவிட மலிவு. படத் தரம் அருமை. ஆனால் மிரர் கழன்று விழும் குறை அதில் பேர்போனது. கேனானே இலவசமாகச் சரிசெய்து கொடுத்தது, அது செய்யப்பட்ட பாடியா என்று கேட்டு வாங்க வேண்டும். நிக்கான் டி600-இல் சென்சாரில் துகள் தெறிக்கும் பிரச்சினை இருந்தது. ஷட்டர் மாற்றப்பட்டது என்றால் 24 மெகாபிக்சலுக்கு அது நல்ல பேரம். கையில் இன்னும் கொஞ்சம் பணம் இருந்து, நிழலைத் தூக்கும் வசதியும் வீடியோவும் வேண்டும் என்றால் டி750-க்குப் போங்கள். அதிலும் மோட்டாரும் ஏஐ வளையமும் உண்டு, இரண்டு எஸ்டி கார்டு அறைகளும் உண்டு. டி700-உம் டி750-உம் ஒரே விலைக்கு அருகில் வந்தால் டி700-ஐ எடுக்கக் காரணம் இல்லை. பாதி விலைக்குக் கீழே, ஊசிகள் நேராக, ஷட்டர் சீராக இருக்கும் டி700 கிடைத்தால், மிச்சப் பணத்தில் 85 மிமீ எஃப்/1.8டி வாங்குங்கள்.